ஜாவா மொழியில் பழையன விலக்கும் முறை

ஜாவா என்னும் கணினி மொழியின் முதற் பதிப்பு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் மூல நிரல் 2006, 2007ஆம் ஆண்டுகளில் யாவரும் படித்துத் திருத்தத்தக்க திறமூலமாக்கப்பட்டது; ஓப்பன்ஜேடிகே என்னும் பெயரில் வளர்ந்து வருகின்றது. இம்மொழியில் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே ஆக்குவதில்லை. நாள் கணக்கிட ஒன்று, பட்டியல் வைக்க ஒன்று என ஆயத்தமாக உள்ள 'வகுப்பு'களை எடுத்தாள்வர். (ஆசிரியர்கள் பள்ளி வகுப்பை நினைத்தல் வேண்டா, தரவையும் அதனைக் கையாளும் செயல்களையும் ஒருங்கே கட்டிவைத்த அச்சு என்று கொள்க.)

அவ்வச்சில் பிழை காணப்பட்டால் என் செய்வது? உடனே நீக்கினால், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நின்றுவிடும். அவை எங்கெங்கு உள்ளன என்பது நீக்குவோர்க்குத் தெரியாது. ஆகவே 1997இல் வந்த 1.1 பதிப்பில் 'டெப்ரிகேட்டட்' என்னும் குறி இடும் வழக்கம் தோன்றிற்று. 'இஃது இப்போது இருக்கும். ஆயினும் இதனை ஆளாதீர்' என்பது அக்குறியின் பொருள். மாற்று இருப்பின் அதனையும் அருகே எழுதிவைப்பர்.

'டேட்' வகுப்பில் ஆண்டைக் கேட்கும் செயல் அங்ஙனம் குறிபெற்றது. அது 1900ஐக் கழித்தே விடை கூறும்; 2023 என்பதை 123 என்னும். 2023இல் வந்த 21ஆம் பதிப்பிலும் அது நீக்கப்படவில்லை. கெடுதல் சிறிது, இருந்துவிட்டுப் போகட்டும்.

'திரெட்' வகுப்பின் 'ஸ்டாப்' அத்தகையதன்று. ஒரு நிரலுக்குள் ஒரே வேளையில் நடக்கும் பல வேலைத்தொடர்களுள் ஒன்றைச் சட்டென நிறுத்துவது அது. வேலைத்தொடர் ஒன்று தரவைத் திருத்துங்கால், பிற தொடர்கள் தொடாவண்ணம் பூட்டிக்கொள்வது வழக்கம். தோட்டத்துக் கிராணியார் ஒருவர் அறையைப் பூட்டிக்கொண்டு பேரேடு எழுதுகின்றார் என்க. ஒரு கணக்கில் பற்று எழுதியாயிற்று. மறு கணக்கில் வரவு இன்னும் எழுதவில்லை. அந்நிலையில் அவரை வெளியே இழுத்துவிட்டுக் கதவையும் திறந்து வைத்தால், அடுத்து வருபவர் அரைகுறை ஏட்டையே மெய்க்கணக்கென்று கொள்வார். ஸ்டாப் செய்வதும் இதுவே; தொடரை முடித்துப் பூட்டுகளையும் அவிழ்த்துவிடும். 1998இல் அதற்குக் குறி இடப்பட்டது. அது செயலிழந்ததோ 2023இல், 20ஆம் பதிப்பில்தான். அதன்பின் அழைத்தால் பிழைச்செய்தி மட்டுமே கிட்டும்.

இத்தாமதத்திற்கு அக்குறியும் ஒரு காரணம் எனலாம். 'ஆளாதீர்' என்பதற்கும் 'நீக்கப்போகிறோம்' என்பதற்கும் ஒரே குறியாக இருந்தது. நீக்குதலோ மிக அரிதாகவே நிகழ்ந்தது. சொல்லிச் சொல்லிச் செய்யாத எச்சரிக்கைக்கு யார் செவிசாய்ப்பர்? 2017இல் வந்த 9ஆம் பதிப்பு இரண்டையும் பிரித்தது. நீக்கப்பட இருப்பவற்றுக்குத் தனி அடையாளமும், எப்பதிப்பு முதல் விலக்கு என்று எழுத இடமும் ஏற்பட்டன. இன்னின்ன செயல்கள் வேண்டும் என்று மட்டும் விதிப்பது 'இடைமுகம்'. அவ்வகையான 'அப்சர்வர்' அதே பதிப்பில் குறிபெற்றது. நீக்கப்படும் என்னும் அடையாளம் அதற்கு இடப்படவில்லை.

இன்னும் ஒரு குறை உண்டு. எச்சரிக்கை, மூல நிரலை எந்திர வடிவுக்கு மாற்றும்போதுதான் தோன்றும். முன்பே மாற்றிவைத்த பழைய நிரல் யாதொரு எச்சரிக்கையும் காணாமல் ஓடிக்கொண்டிருந்து, புதிய பதிப்பில் ஒரு நாள் நின்றுவிடும். இதற்கென 9ஆம் பதிப்பில் 'ஜேடெப்ர்ஸ்கேன்' என்னும் கருவி சேர்க்கப்பட்டது. மாற்றிவைத்த கோப்பையே துருவி, விலக்கப்பட்டவை எங்கெங்கு ஆளப்பட்டுள்ளன என்று அது காட்டும். மூல நிரல் வேண்டுவதில்லை. எழுதியவர் விலகிச் சென்று கோப்பு மட்டும் எஞ்சியுள்ள அலுவலகங்களிலும் ஓட்டிப் பார்க்கலாம்.