தமிழ்ப் பெயர்ப்பலகை வடிவமைப்பில் கெஸ்டால்ட் விதிகள்

கண் காட்சிக் கூறுகளைத் தனித்தனியே காண்பதில்லை. தொகுத்தே காண்கிறது என்பது கெஸ்டால்ட் உளவியலின் அடிப்படை. இத்தொகுப்பு நிகழும் நெறிகளை மாக்ஸ் வெர்த்தைமர் 1923இல் வகுத்துரைத்தார். அவற்றுள் அண்மை, ஒப்புமை ஆகிய இரண்டும் தமிழ் எழுத்துக்கோப்பில் தனிக் கவனம் பெறத்தக்கன.

‘கொ’ என்னும் உயிர்மெய் மூன்று துண்டுகளால் அமைந்தும் ஓரெழுத்தாகவே உணரப்படுகிறது. துண்டுகளின் அண்மையே அதற்குக் காரணம். இலத்தீன் எழுத்துகளுக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு துண்டுக்கும் இடையே சம இடைவெளி கூட்டினால் அவ்வொருமை சிதைகிறது. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால், ‘கௌ’ என்பது ‘கெ’, ‘ள’ என இரண்டெழுத்தாகவும் வாசிக்கப்படலாம். இங்கு ஒப்புமை விதி அண்மை விதிக்கு முரணாக நிற்கிறது.

புள்ளியின் நிலையும் அத்தகையதே. மண்ணூர் என்னும் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதுங்கால், முதல் ணகரத்தின் புள்ளி அதனை நெருங்கி நிற்றல் வேண்டும். விலகி மேல்வரியை அணுகினால் அது அவ்வரிக்குரியதாகத் தோன்றும். மெய் உயிர்மெய்யாக வாசிக்கப்படும். விரையும் ஊர்தியிலிருந்து நோக்குவோர்க்கு மறுமுறை வாசிக்க நேரமில்லை.

எனவே, தமிழில் இடைவெளிக்கு அலகு துண்டன்று, முழு எழுத்தே. எழுத்தின் உள்ளிடைவெளி எழுத்துகளுக்கு இடைப்பட்டதினும், அது சொற்களுக்கு இடைப்பட்டதினும் குறைந்திருத்தல் வேண்டும்.