பனிக்கு அடியில் பதுங்கிய வெள்ளம்!

ஐஸ்லாந்து நாட்டில் வாட்னயோகுல் என்ற மாபெரும் பனிப்பாளம் இருக்கிறது. 1996 செப்டம்பர் 30-ந் தேதி அதன் அடியில் எரிமலை வெடித்தது. பனி உருகியது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

பனிக்கு அடியில் தண்ணீர் பள்ளத்தை மட்டும் தேடி ஓடாது. மேலே உள்ள பனியின் பாரம் அதை நெருக்கித் தள்ளும். பாரம் குறைந்த இடம் மேடாக இருந்தாலும் ஏறிவிடும்!

ஹெல்கி பியோர்ன்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ரேடார் மூலம் பனியின் கனத்தை முன்பே அளந்திருந்தார்கள். கணக்குப் போட்டார்கள். தண்ணீர் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் சேரும், பிறகு தெற்கே பாயும் என்று தெரிந்தது. மக்கள் உஷாரானார்கள்.

நவம்பர் 5-ந் தேதி வெள்ளம் சீறி வந்தது. பாலத்தை அடித்துச் சென்றது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

இன்று இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது.