வானூர் பக்கத்தில் ஒரு "சபாரி"!

காட்டு மிருகங்களைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் உண்டு. தான்சானியா நாட்டில் செரெங்கெட்டி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே அங்கே சிங்கத்தைப் பார்க்கலாம். யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம். இந்தப் பயணத்துக்கு "சபாரி" என்று பெயர். சுவாஹிலி மொழியில் சபாரி என்றால் பயணம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு காலத்தில் சபாரி என்றாலே வேட்டைதான். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ம் ஆண்டு பதவியை விட்டு இறங்கியதும் மகனோடு ஆப்பிரிக்கா போனார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சுட்டுத் தள்ளியவை 500-க்கு மேல்! பொருட்காட்சி சாலைக்காகவே வேட்டை என்று காரணம் சொன்னார்கள். இப்போது போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது காமிரா.

அங்கே கென்யா நாட்டில் நகுரு என்று ஓர் ஏரி. பூநாரைகளுக்குப் பெயர் போனது. ஒரு காலத்தில் கரை ஓரமெல்லாம் ரோஜா நிறமாகத் தெரிந்தது. அதைப் பார்க்கக் கப்பலிலும் விமானத்திலும் கடல் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

பூநாரையைப் பார்க்க நமக்குக் கப்பல் வேண்டாம். பஸ் டிக்கெட் போதும்!

எங்கே இருக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்து கிடக்கிறது கழுவேலி ஏரி. கடலை ஒட்டிய பக்கம் உப்புத் தண்ணீர். ஏரிகளில் இருந்து மழை நீர் வந்து சேரும் பக்கம் நல்ல தண்ணீர். இரண்டும் கலப்பதால் மீனும் இறாலும் புழு பூச்சியும் ஏராளம். பறவைகளுக்கு இதைவிட வேறு என்ன விருந்து வேண்டும்?

வடகிழக்குப் பருவ மழைக்குப் பிறகு விருந்தாளிகள் வருகிறார்கள். கருவால் மூக்கன் என்ற சின்னப் பறவை, பனி கொட்டும் வடநாடுகளில் இருந்து பல ஆயிரம் மைல் பறந்து வருகிறது. கூழைக்கடா வருகிறது. பூநாரையும் வருகிறது. நகுருவில் அதிகம் இருப்பது சிறிய ரகம். நம் ஊருக்கு வருவது பெரிய ரகம். நாலடிக்கு மேல் உயரம்!

தலைகீழ் சாப்பாடு

பூநாரை சாப்பிடும் அழகே தனி. வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். சேற்று நீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, வெளியே தள்ளும். உள்ளே தங்கும் குட்டி இறாலும் பாசியும்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் உள்ள நிறச்சத்துதான் இறகில் ஏறிச் சிவப்பாகத் தெரிகிறது. இரை மாறினால் நிறமும் வெளுத்துப் போகும்.

கண்ணி வைத்தால் சிறை

கழுவேலிக்கும் கெட்ட காலம் இருந்தது. கண்ணி வைத்துப் பறவை பிடித்தார்கள். ஏரி நிலத்தை வளைத்துப் போட்டார்கள். இறால் பண்ணைகள் கிளம்பின. பல ஆயிரம் மைல் பறந்து வந்த பறவை, கடைசியில் யார் வீட்டுச் சட்டியிலோ போய் விழுந்தது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறதல்லவா?

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். சுமார் 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் பெற்ற "ராம்சர்" ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. சரணாலயத்தில் வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. 7 ஆண்டு வரையும் போகலாம். அபராதம் வேறு.

பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போவது நல்லது. பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கள். கிட்டே போக வேண்டாம். பூநாரை நின்ற இடத்தில் இருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரில் சில அடி ஓடித்தான் பறக்கும். சும்மா விரட்டினால் தின்ற சாப்பாடெல்லாம் ஓட்டத்திலேயே தீர்ந்து போகும்.

கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நின்றால் வேறு ஜாதி என்று நினைத்து விடாதீர்கள். அவை இளம் பறவைகள். நம் நாட்டில் பூநாரை குஞ்சு பொரிப்பது குஜராத்தில், கட்ச் ரண் பகுதியில். சேற்றைக் குவித்து மேடு கட்டி, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். அந்த ஒற்றைப் பிள்ளைக்கு முழுச் சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும்.