பீளமேட்டு ஈரமும் இருகூர் ஈரமும்

ஐப்பசி மாதத்து மாலையொன்றில் காந்திபுரத்தை நனைத்துவிட்டுக் கிழக்கே நகரும் மேகம், பீளமேட்டுக் கரிசலிலும் அதைத் தாண்டி இருகூர்ச் செம்மண்ணிலும் ஒரே அளவாகப் பொழிந்தாலும், மழை ஓய்ந்து மார்கழிப் பனியும் கழிந்தபின் அந்நிலங்களைத் தோண்டிப் பார்ப்பவனுக்கு, முன்னதில் முழ ஆழத்தில் கையில் ஒட்டும் ஈரமும், பின்னதில் விரலிடுக்கில் உதிரும் புழுதியுமே அகப்படும். மண்ணூல் அறிஞர்கள் கோவைப் பிரதேசத்து மண்வகைகளை வகுத்தபோது கரிசலில் ஒன்றைப் பீளமேடு வரிசை என்றும், செம்மண்ணில் ஒன்றை இருகூர் வரிசை என்றும் வழங்கினர்; வீடுகள் நெருங்கிவிட்ட இன்றும் அவ்வூர்களின் பெயர்கள் மண்ணின் பெயர்களாகவே நூல்களில் நிற்கின்றன.

கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண், நீரைத் தன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே ஏற்றுக்கொண்டு உப்புவதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதுமான சுபாவம் உடையது. ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல், பயிருக்குப் பயன்படும் நீராக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை சேமிக்க வல்லது. மணல் கலந்த செம்மண்ணுக்கோ அதில் ஏறத்தாழ பாதிதான் சக்தி. ஆயினும் செம்மண்ணை ஏழை என்று இகழ்வது நியாயமன்று. சிறு தூறலைக் கரிசல் தன் மேற்பரப்பிலேயே பிடித்துவைத்து வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறது. பிடித்த நீரிலும் ஒரு பகுதியை வேரால் இழுக்க முடியாதபடி இறுகப் பற்றிக்கொள்கிறது. செம்மண்ணோ அதே தூறலை உடனே கீழிறக்கி, வெயில் எட்டாத ஆழத்தில் வேருக்கு வழங்குகிறது. மழை சொற்பமான வருஷத்தில் செம்மண் பயிர் தலைநிமிர்ந்து நிற்பதன் ரகசியம் இதுவே.

மண்ணின் சுபாவம் இவ்வாறிருக்க, இப்பிரதேசத்து வானமும் விசித்திரமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கோவைக்கு வருஷத்தில் கிடைப்பது 650 முதல் 700 மில்லிமீட்டர் மழையே. அதிலும் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியே மழையைவிடக் காற்றையே மிகுதியாக அனுப்புகிறது. ஆடியில் ஓயாது வீசும் அக்காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஓராண்டில் பெய்யும் மழையைப்போல் இருமடங்குக்கு மேலான நீரைக் குடித்துவிடும் தாகம் இவ்வூர் வெயிலுக்கும் காற்றுக்கும் உண்டு.

இந்த வரவு செலவைக் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். மழை முடிந்த கரிசலில் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் விதைத்து, அடிமண் ஈரத்தையும் பனியையும் மட்டுமே நம்பி விளைவெடுத்தார்கள். கருங்கண்ணிப் பருத்தி கரிசலில் மானாவாரியாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியோ செம்மண் தோட்டங்களில், மாடுகளைக் கவலையில் பூட்டி இறைத்த கிணற்று நீரில் செழித்தது. ஈரம் தங்காத மண்தான் அம்மக்களைப் பாறையை உடைத்துக் கிணறு தோண்ட வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்ணின் நீர் தாங்கும் சக்தியைக் கூட்டுவதற்காகக் களிமண்ணின் அளவை நம்மால் மாற்ற இயலாது; ஆனால் மக்கிய எருவை மிகுவிக்கலாம். கோவை வேளாண்மைக் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனையில், தொழுவுரம் மட்டும் பெறும் பாத்தியும் ரசாயன உரம் பெறும் பாத்தியும் எதுவுமே பெறாத பாத்தியும் ஒரே வானத்தின் கீழ் அருகருகே கிடக்கின்றன. தொழுவுரம் கண்ட மண்ணில் கரிமச்சத்து மிகுந்திருக்கிறது, அத்தகைய மண் மழைநீரை இன்னும் சிறிது காலம் தாங்கி நிற்கிறது.