காற்றுப் பை தாங்கும். அச்சை யார் பிடிப்பது?

இலுப்பூர் வழியாக விராலிமலைக்கும் புதுக்கோட்டைக்கும் போகிற பேருந்துகளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் தெரியும். விராலிமலையில் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில் நிற்கும் சொகுசுப் பேருந்துகள் பலவற்றில் இந்தப் பட்டைகள் இருக்காது. அந்த இடத்தில் தடித்த கறுப்பு ரப்பர் பைகள் இருக்கும். ஏர் பேக் என்றும் பெல்லோ என்றும் ஓட்டுநர்கள் சொல்வது அதைத்தான்.

நம் மாணவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வெளிநாடுகளில் பழைய லாரி, பிக்கப் வண்டிகளை வாங்கி, பட்டையைக் கழற்றிவிட்டு ஏர் பேக் பொருத்துகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்து எழுகிறது. இந்தக் காணொலிகளைக் கைப்பேசியில் பார்க்காத ஒன்பதாம் வகுப்புப் பையன் எங்கள் பகுதியில் குறைவு. அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “பட்டையை எடுத்துட்டு பையை வச்சா போதுமா சார்?”

போதாது. ஏன் போதாது என்று விளக்கப் புகுந்தால் எட்டாம் வகுப்பு அழுத்தம், ஒன்பதாம் வகுப்பு வடிவியல், பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன், பாயில் விதி எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. இந்த மாணவர்களில் சிலர் நாளை கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைக்கோ நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்கோ வேலைக்குப் போகக்கூடியவர்கள். அவர்கள் போடும் பற்றவைப்பின் மேல் ஐம்பது பேர் உட்கார்ந்து பயணம் செய்வார்கள். ஆகவே இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

பட்டைக்கு இரண்டு வேலை

வில்வண்டி என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அந்த வில் இந்தப் பட்டைதான். வளைந்து கொடுத்து எடையைத் தாங்குவதால் வில். லாரியில் பட்டையின் முன்முனை சேஸிஸோடு ஊசி போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பின்முனை சாக்கிள் என்னும் சிறு ஊஞ்சலில் தொங்கும். நடுப்பகுதியை யு போல்ட் அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும்.

எடையைத் தாங்குவது நம் கண்ணுக்குத் தெரியும் வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று உண்டு. அச்சு முன்னே பின்னே ஓடாமலும், பக்கவாட்டில் நகராமலும், பிரேக் பிடிக்கும்போது சுருண்டு திரும்பாமலும் பிடித்து வைத்திருப்பதும் அதே பட்டைதான். மெயின் பட்டை ஒடிந்த லாரி ஒரு பக்கமாக இழுக்கும் என்று ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். பட்டை ஒடிந்ததும் எடை மட்டும் இறங்குவதில்லை, அச்சும் இடம் மாறிவிடுகிறது.

பைக்கு ஒரே வேலை

பையின் தாங்குதிறனை எட்டாம் வகுப்பு ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தைக் கொண்டே கணக்கிடலாம். காற்று தள்ளுகிற வட்டத்தின் விட்டம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 490 சதுர செ.மீ. அழுத்தமானி ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோ காட்டினால், ஒரு பை தாங்குவது 490 × 5 = 2450 கிலோ. ஒரே அச்சில் நான்கு பைகள் என்றால் 9800 கிலோ. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த உச்சவரம்பை மத்திய அரசு 2018இல் 11.5 டன்னாக உயர்த்தியது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ரப்பர் பை எவ்வளவு பெரிய சுமையை அலட்சியமாகத் தாங்குகிறது என்று மாணவருக்குப் புரியும். (கிலோ என்று நான் எழுதுவதெல்லாம் கிலோகிராம் விசை. நியூட்டனில் வேண்டுமானால் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.)

பட்டையால் செய்ய முடியாத ஒன்றைப் பை செய்கிறது. முழுச் சுமைக்கு ஏற்ற பட்டை, வெற்று லாரிக்கு மிகவும் விறைப்பு. அதனால்தான் காலி லாரி பள்ளத்தில் குதிக்கிறது. பையிலோ சுமைக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அச்சோடு இணைத்த சிறு கை ஒன்று லெவலிங் வால்வைத் திருப்புகிறது. ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால் தொட்டியிலிருந்து காற்று பைக்குள் போகும், இறங்கியதும் வெளியேறும். வண்டியின் உயரம் மாறாது. சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துக்கும் லாரிக்கும் இவ்வகை ஏர் சஸ்பென்ஷனைத் தயாரிக்கிறது என்பதையும் மாணவரிடம் சொல்லலாம். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் பாயில் விதிக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பள்ளத்தில் இறங்கிப் பையின் கன அளவு நான்கில் மூன்று பங்காகச் சுருங்கினால் அழுத்தம் என்ன? மாணவர் 5ஐ 4/3ஆல் பெருக்கி 6.7 என்பார். அழுத்தமானி காட்டும் 5, வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம். வளிமண்டலத்தின் 1ஐயும் சேர்த்தால் 6. அதை 4/3ஆல் பெருக்கினால் 8. மானி காட்டப்போவது 7. வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால்தான் இந்த விடை. சட்டென்று அமுங்கும் பையில் காற்று சூடாவதால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும். அது பதினொன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு.

இவ்வளவு திறமை இருந்தும் பை ஒரு திசையில் மட்டுமே தள்ளும். பக்கவாட்டில் அதற்குப் பிடிப்பு இல்லை. காற்றடைத்த பலூன் மேல் ஒரு நோட்டை வைத்துக் கையால் லேசாகத் தள்ளினால் நோட்டு நழுவிவிடும். பட்டையைக் கழற்றிவிட்டுப் பையை மட்டும் வைத்த வண்டியின் அச்சுக்கும் முதல் பிரேக்கில் அதே கதிதான்.

நான்கு ராடுகளின் கணக்கு

அந்தரத்தில் விட்ட பொருள் ஆறு வகையில் அசையலாம். மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று நகர்வது மூன்று. அந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு சுழல்வது மூன்று. லாரியின் பின்அச்சுக்கு இவற்றில் இரண்டை மட்டும் அனுமதிக்க வேண்டும்: மேலும் கீழும் போவது, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஒரு பக்கம் சாய்வது. மற்ற நான்கையும் தடுக்க வேண்டும்.

இரு முனையிலும் ரப்பர் புஷ்ஷோ பந்து மூட்டோ வைத்த ஒரு ராடு, ஓர் அசைவைத் தடுக்கும். நான்கு அசைவுக்கு நான்கு ராடு. கழித்தல் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் நான்கையும் வண்டியின் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாகப் போட்டால்? எண்ணிக்கை சரி, வண்டி தவறு. முன்-பின் ஓட்டமும் அச்சு சுருள்வதும் நின்றுவிடும். பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்க ஒரு ராடும் இல்லை. நான்காவது ராடு, அனுமதிக்க வேண்டிய சாய்வோடு போய்ச் சண்டை போடும். காணொலியைப் பார்த்து வண்டி கட்டுபவர்கள் மிக எளிதாக விழக்கூடிய குழி இதுதான்.

தீர்வு இரண்டு வகை. மேல் ராடுகள் இரண்டையும் ‘வி’ வடிவில் சாய்த்துப் போடலாம். முக்கோணம் உருக்குலையாது என்று நாம் கரும்பலகையில் சொல்வது இங்கே இரும்பாக நிற்கிறது. பேருந்திலும் லாரியிலும் இதை வி ராடு என்பார்கள். இன்னொரு வழி, மூன்று ராடு நீளவாக்கில், ஒன்று குறுக்கே. குறுக்கே போகும் ராடின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். பான்ஹார்ட் என்ற பழைய பிரெஞ்சு மோட்டார் நிறுவனத்தின் பெயரால் அதைப் பான்ஹார்ட் ராடு என்கிறார்கள்.

இந்தக் குறுக்கு ராடிலும் ஒரு சிறு குறை உண்டு. ஒரு முனை நிலையாக இருப்பதால் மறுமுனை வட்டவில்லில்தான் நகரும். 80 செ.மீ. நீளமுள்ள ராடு கிடைமட்டத்திலிருந்து 10 செ.மீ. ஏறினால் அச்சு பக்கவாட்டில் எவ்வளவு நகரும்? பிதாகரஸ் தேற்றம்: 80 – √(6400 – 100) = 0.6 செ.மீ. பரவாயில்லை. நீளவாக்கு ராடுக்கும் இதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். 60 செ.மீ. ராடு என்றால் அச்சு 0.8 செ.மீ. முன்பின்னாக நகரும், 30 செ.மீ. ராடு என்றால் 1.7 செ.மீ. நீளம் பாதியானால் நகர்வு இருமடங்குக்கும் கொஞ்சம் அதிகம். ராடு ஏன் இயன்றவரை நீளமாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை, மாணவரே சொல்வார். 1784இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்காகக் காப்புரிமை பெற்ற நேர்கோட்டு இயக்க அமைப்பைச் சில வண்டிகளில் குறுக்கு ராடுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது, வட்டவில்லைக் கிட்டத்தட்ட நேர்கோடாக்குவதற்குத்தான்.

அடுத்தது மேல் ராடுக்கும் கீழ் ராடுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது. பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சாலையில் 2000 கிலோ பிரேக் விசை கொடுப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர். அச்சைச் சுருட்டும் திருப்புத்திறன் 2000 × 0.5 = 1000 கிலோ மீட்டர். இதை எதிர்ப்பது மேல், கீழ் ராடுகளில் எதிரெதிராக எழும் இரட்டை. இடைவெளி 20 செ.மீ. என்றால் இந்த முறுக்கினால் மட்டும் மேலே 5000 கிலோ, கீழே 5000 கிலோ. இடைவெளியை 40 செ.மீ. ஆக்கினால் 2500 போதும். இடம் இல்லை என்று ராடுகளை நெருக்கி வைத்தவர், புஷ்ஷையும் பற்றவைப்பையும் இருமடங்கு விசைக்கு ஆளாக்குகிறார்.

மேல், கீழ் ராடுகள் சம நீளத்தில், இணையாக இருந்தால் பக்கத்திலிருந்து பார்க்க இணைகரம். அச்சு ஏறினாலும் இறங்கினாலும் திரும்பாது, எஞ்சினிலிருந்து வரும் தண்டு அச்சைச் சேரும் கோணமும் அதிகம் மாறாது. எட்டாம் வகுப்பில் இணைகரம் வரைய வைக்கும்போது ஒரு முறை இதைச் சொல்லிப் பாருங்கள்.

பையை எங்கே வைப்பது?

இடம் கிடைக்காதபோது பையை அச்சின் மேல் வைக்காமல், அச்சைத் தாங்கும் கையின் மேலேயே வைப்பது வழக்கம். அப்போது அது நெம்புகோல். முன்முனை சேஸிஸில் கீல், அங்கிருந்து 50 செ.மீ. தூரத்தில் அச்சு, 70 செ.மீ. தூரத்தில் பை. அச்சில் 2100 கிலோ என்றால், பை தாங்க வேண்டியது 2100 × 50 ÷ 70 = 1500 கிலோ. மிச்சம் 600 கிலோ எங்கே போயிற்று என்று கேளுங்கள். அது கீலில் இருக்கிறது. அந்த பிராக்கெட் சும்மா நிற்கவில்லை.

இலவசமாக எதுவும் வராது. சக்கரம் 10 செ.மீ. ஏறும்போது இந்தப் பை 14 செ.மீ. அமுங்கியாக வேண்டும். மாறாக, கீலுக்கும் அச்சுக்கும் நடுவே 25 செ.மீ.இல் வைத்தால் பை 4200 கிலோ தாங்க வேண்டும், அமுங்குவது 5 செ.மீ. மட்டும். உயரத்தை அதிகம் ஏற்றி இறக்க ஆசைப்படுபவர் பையைக் கீலுக்கு அருகே கொண்டுவருவார், அழுத்தம் எகிறும். காற்று ஏறும்போது பை பக்கவாட்டிலும் உப்பும். டயரிலோ சேஸிஸிலோ உரசினால் கிழியும். கிழிந்தாலும் வண்டி உட்கார ஒரு ரப்பர் கட்டை உள்ளே இருக்க வேண்டும்.

சட்டத்தையும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. காணொலியில் பார்த்ததை ஊர்ச் சாலையில் செய்ய முடியாது. படிக்கலாம், மாதிரி செய்யலாம், வாகனத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவுக்குப் போய் முறையாகச் செய்யலாம். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

வகுப்பில் செய்ய

செருப்புப் பெட்டி ஒன்று, அச்சுக்குப் பென்சில், நான்கு ஐஸ் குச்சி, குண்டூசிகள், இரண்டு சிறு பலூன், ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு, மெல்லிய குழாய். பலூனைக் குழாயால் சிரிஞ்சோடு கட்டிப் பென்சிலுக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்க வேண்டும். குச்சிகளின் துளையைக் கொஞ்சம் தளர்வாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் புஷ்ஷின் வேலை நடக்காது. முதலில் நான்கு குச்சியும் இணையாக. பெட்டியைப் பக்கத்தில் தள்ளினால் பென்சில் ஓடும். பிறகு மேல் இரண்டையும் சாய்த்துக் குத்தச் சொல்லுங்கள். ஓடாது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு ஏதும் வேண்டாம், இந்த இரண்டு தள்ளலே போதும்.

இரு பலூனுக்கும் தனித்தனிச் சிரிஞ்சு இருப்பதால் இன்னொன்றும் காட்டலாம். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் அசோக் லேலண்ட் தயாரித்த தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. நிறுத்தத்தில் நின்றதும் இந்தப் பேருந்து நடைமேடைப் பக்கத்துப் பைகளிலிருந்து காற்றை வெளியேற்றி, அந்தப் பக்கம் மண்டியிடுவதுபோல் சாயும். சக்கர நாற்காலியில் வருபவர் சாய்தளத்தில் ஏறிவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்க் கேட்டுப் பெற்ற வசதி அது. மாதிரியில் ஒரு சிரிஞ்சை மட்டும் இழுத்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். சாயும்போது நான்கு குச்சிகளும் முனையில் எப்படித் திரும்புகின்றன என்று குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குச்சியை இறுக்கி ஒட்டிய குழுவின் பெட்டி சாயாது, குச்சி ஒடியும்.