குண்டுக்கரிச்சான்

டெங்கில் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் பொழுது புலரும் வேளையில் இனிய பாட்டொன்று கேட்பதுண்டு. அதனைப் பாடுவது குண்டுக்கரிச்சான் என்னும் சிறு பறவையாகும். மலாய் மொழியில் இதனை முராய் கம்போங் என்பர். கம்போங் என்பது சிற்றூரைக் குறிக்கும். மக்கள் குடியிருப்பை அண்டி வாழும் பறவைக்கு இப்பெயர் மிகவும் பொருத்தமே.

இப்பறவை ஏறத்தாழ 19 செண்டிமீட்டர் நீளமுடையது. ஆண் பறவையின் தலையும் மார்பும் முதுகும் பளபளக்கும் கருமை, வயிறு வெண்மை. சிறகில் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. பெண் பறவைக்குக் கருமைக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் அமைந்திருக்கும். வாலை நிமிர்த்திக்கொண்டு தரையில் தத்தித் தத்திச் சென்று புழு பூச்சிகளை உண்ணும். ஆதலால் இது தோட்டக்காரர்க்கு நண்பனாகும்.

ஆண் பறவை எதற்காகப் பாடுகிறது? நம்மை மகிழ்விப்பதற்காக அன்று. "இது என் இடம், வேறு ஆண் பறவைகள் நுழையக் கூடாது" என்று அறிவிக்கவும், துணையை அழைக்கவுமே உயர்ந்த கிளையில் அமர்ந்து பாடுகிறது. பிற பறவைகளின் குரலையும் இடையிடையே கலந்து பாடவல்லது. மரப்பொந்திலோ சுவரின் துளையிலோ பெண் பறவை கூடு அமைத்து, மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இட்டு, தானே அடைகாக்கும். ஆண் பறவை எல்லையைக் காவல் காக்கும்.

அந்தோ! அதன் இனிய குரலே அதற்குப் பகையாயிற்று. பாட்டுக்காக மக்கள் அதனைப் பிடித்துக் கூண்டில் அடைக்கின்றனர். சிங்கப்பூரில் இப்பறவை 1970-களில் மிகவும் அரிதாகிவிட்டது. கூண்டுக்காகப் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். 1980-களில் அங்கு மீண்டும் கொண்டுவந்து விட்டனர். நம் வட்டாரத்திலும் இவ்வாணிகம் ஓய்ந்தபாடில்லை. 2015 முதல் 2020 வரை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கடத்தல்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்டவை மட்டுமே 20,000-க்கும் மேற்பட்டவை.

ஓர் இனம் அருகிய பின்னும் மீள முடியும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள சேஷல்ஸ் தீவுகளில் இதன் நெருங்கிய உறவினமாகிய பறவை வாழ்கிறது. மனிதர் கொண்டுவந்த பூனைகளாலும் எலிகளாலும் அது அழிந்து, 1960-களில் ஒரே தீவில் ஏறத்தாழ 15 மட்டுமே எஞ்சியது. அறிஞர்கள் பாதுகாத்ததால் இன்று பல தீவுகளில் சில நூறாகப் பெருகியுள்ளது. ஆயினும் அதற்குப் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. உள்ளதைக் காப்பதே எளிது.

மாணவர்களே! கூட்டைக் கலைத்தலும் குஞ்சுகளை எடுத்தலும் ஆகா. பொந்துள்ள பழைய மரத்தைக் காரணமின்றி வெட்ட வேண்டாமெனப் பெரியோரிடம் எடுத்துரைப்போம். கூண்டுக் குருவியை விலைக்கு வாங்காதிருப்போம். வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போரும் இரார்.