தாய்மையும் குடும்ப உடைமையும்: ஆஷாபூர்ணா தேவியின் மூன்று நாவல்கள்

தாய்மையை ஓர் இயற்கையுணர்வாகக் கொண்டு இலக்கியத்தை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. குறிப்பிட்ட சொத்துறவுகளின் கீழ், குறிப்பிட்ட குடும்ப அமைப்பினுள் நிலவும் ஒரு சமூக உறவே அது என்பது போதியளவு கவனிக்கப்படுவதில்லை. இவ்வகையில், வங்க நாவலாசிரியை ஆஷாபூர்ணா தேவி (1909–1995) எழுதிய ‘பிரதம பிரதிசுருதி’ (1964), ‘சுவர்ணலதா’ (1967), ‘பகுல் கதா’ ஆகிய மூன்று நாவல்களும் நமது ஆய்வுக்குரியன. முதல் நாவலுக்கு 1976ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் இவரே. பள்ளிக்கூடமே செல்லாத இவர், சகோதரர் படிப்பதைப் பார்த்து எழுத்தறிந்தவர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சத்தியவதி, அவள் மகள் சுவர்ணலதா, சுவர்ணலதாவின் மகள் பகுல் ஆகிய மூன்று தலைமுறையினரின் கதை இது. கிராமத்து வைத்தியரின் மகளான சத்தியவதி, கணவனைக் கல்கத்தாவுக்கு இட்டுவந்து, உத்தியோகச் சம்பளத்தில் தனிக்குடும்பம் அமைக்கிறாள். மகளைப் படிப்பிக்கிறாள். ஆயின் அவளறியாமலே, பாட்டியின் ஏற்பாட்டில், தந்தையின் உடன்பாட்டுடன், கிராமத்தில் அச்சிறுமிக்கு மணம் முடிக்கப்படுகிறது. செய்தியறிந்த சத்தியவதி மணவீட்டு வாயிலிலிருந்தே திரும்பிக் காசிக்குச் சென்றுவிடுகிறாள்.

இம்முடிவைச் சிலர் வீரமென்பர். வேறு சிலர் தாய்மைக்கு இழைத்த துரோகமென்பர். இரு சாராரும் ஒரு முக்கிய விடயத்தைக் காணத் தவறுகின்றனர். சத்தியவதி இன்னொரு பெண்ணையும் வளர்த்தவள். விதவையான சங்கரி குடும்பத்தைவிட்டு வெளியேறிப் பெற்ற மகள் சுகாஸ். தாய் தற்கொலை செய்துகொண்டபின் சத்தியவதி அவளைப் பொறுப்பேற்றுக் கல்வியூட்டி, வளர்ந்த பின்னரே மணம் முடித்துவைக்கிறாள். பிறர் மகளைக் காக்க முடிந்தவளால் தன் மகளைக் காக்க முடியவில்லை. ஏன்? சுகாசுக்கு உரிமை கோரத் தந்தைவழிக் குலம் எதுவும் இல்லை. சுவர்ணலதாவோ அக்குலத்தின் உடைமை. பெற்றவளுக்குப் பராமரிக்கும் கடமை மாத்திரமே உண்டு, தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டிய இந்திய நாவல் பிறிதொன்றை நாம் கண்டிலோம். சட்டமும் இங்கு துணையாகவில்லை. பெண்ணின் மணவயதை 14 ஆக வகுத்த சாரதா சட்டம் 1929இலேயே வந்தது.

தாய் வெளியேறியதன் விலையைச் செலுத்துபவள் மகளே. ஓடிப்போனவளின் மகள் என்ற ஏச்சு புகுந்த வீட்டில் சுவர்ணலதாவை விடாது தொடர்கிறது. தாயின் மீது அவளுக்குக் கோபமுண்டு. அக்கோபத்தினூடே தாயின் பிடிவாதமே அவளிடமும் வளர்கிறது. தெருவைப் பார்க்க ஒரு வராந்தா கேட்கிறாள்; கணவன் வாக்களித்து ஏமாற்றுகிறான். (இதனை அற்பமான ஆசையெனக் கருதும் வாசகர், நாள் முழுவதும் அடுக்களையில் அடைபட்டவளின் இடத்திலிருந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.) தாயின் கடிதம், தாய் இறந்த பின்னரே அவள் கையை அடைகிறது. மன்னிப்புக் கேட்கவோ வழங்கவோ இனி வாய்ப்பில்லை. விரும்பாத பிரசவங்கள் பலவற்றின் பின், சொந்தப் பிள்ளைகளுள்ளும் பலர் அவளைப் புரிந்துகொள்ளாதவராகவே வளர்கின்றனர். எழுதி அச்சிட்ட தன் வாழ்க்கைக் கதை வீட்டாரின் நகைப்புக்கு ஆளானபோது, அந்நூலைத் தன் கையாலேயே தீயிடுகிறாள்.

மணஞ்செய்யாது எழுத்தாளராகும் பகுல், பாட்டியினதும் தாயினதும் கதைகளைக் குறிப்பேட்டில் பதிபவள். மூன்றாவது நாவல் முன்னிரண்டின் செறிவை எட்டவில்லை என்பதே எமது கருத்து. நகர மத்தியதர வாழ்வின் மாற்றங்கள் அங்கு உரையாடல்களாகவே பெரிதும் நின்றுவிடுகின்றன.

ஆசிரியையின் பார்வைக்கு ஒரு வர்க்க எல்லையும் உண்டு. சத்தியவதி காசிக்குச் செல்ல முடிந்தது. அங்கே தந்தை இருந்தார். சங்கரிக்கு அவ்வாறு செல்லும் இடம் எதுவும் இருக்கவில்லை. செல்வர் வீட்டில் சமைத்து மகளை வளர்த்த அவளே இக்கதையில் தன் உழைப்பால் மட்டும் வாழ முயன்ற தாய். அவளுக்கோ முதல் நாவலில் ஒரு கிளைக்கதையின் இடமே ஒதுக்கப்பட்டுள்ளது.